பேரேடும் உழக்கும்

பெருநிறுவனப் பணியை விட்டுக் கிராமத்தில் குடியேறுவது, கடந்த இருபது ஆண்டுகளாகத் தமிழகத்தின் நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி பேசப்படும் விருப்பமாகவும், அவர்களுள் சிலர் செய்து காட்டிய முடிவாகவும் இருந்துவருகிறது. இந்த முடிவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விடுதலை என்ற ஒரே கோணத்தில் அமைகிறது. மேலதிகாரியின் கெடுவிலிருந்தும் மாதத் தவணையிலிருந்தும் நகரத்து நெரிசலிலிருந்தும் விடுபட்டு, தன் உணவைத் தானே விளைவித்து, எவரையும் சாராமல் வாழலாம் என்பதே அந்தப் பேச்சின் சாரம். சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, 2016-இல் திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பகுதியில் குடும்பத்தோடு குடியேறிய இக்கட்டுரையாளரின் பட்டறிவு அதற்கு மாறான ஒன்றைக் கற்பித்தது. கிராமம் எவரையும் சார்பிலிருந்து விடுவிப்பதில்லை. யாரைச் சார்ந்து உயிர்வாழ்கிறோம் என்பதை முகம் பார்த்து அறியச் செய்கிறது. அந்த அறிவே எளிய வாழ்வின் சாரம் என்பதைக் குடியேறிய முதல் ஆண்டின் நினைவுகளைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் மண்ணில் இந்தப் பாதைக்கு மதிப்புமிக்க முன்னோடி ஒருவர் உண்டு. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றவர். வசதியான அந்தத் தொழில்வாழ்க்கையை 1929-இல் காந்தியைச் சந்தித்த பிறகு விட்டுவிட்டு, குஜராத்தின் மாத்தர் வட்டத்து உழவர்களின் வரவுசெலவை வீடு வீடாக ஆராய்ந்தார். 1934-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960-இல் மறைந்தார். அவர் கணக்கு எழுதுவதைத் துறக்கவில்லை என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. யாருடைய கணக்கை எழுதுவது, எதைச் செலவென்று கொள்வது என்பவற்றையே அவர் மாற்றினார். கணக்குத் தொழிலிலிருந்து கிராமத்துக்குச் சென்ற இக்கட்டுரையாளருக்கு அவருடைய வாழ்க்கை நெடுநாள் வழித்துணையாக இருந்தது.

நிறுவனக் கணக்குப் பிரிவின் ஆண்டு, பருவங்களால் அன்றிக் காலாண்டு முடிவுகளால் பகுக்கப்படுவது. ஒவ்வொரு மூன்று மாதத்தின் இறுதியிலும் வரவேண்டியவை, தரவேண்டியவை, தேய்மானம், ஒதுக்கீடு ஆகிய தலைப்புகளில் எண்கள் நிரப்பப்பட்டு, பேரேடு முடித்துவைக்கப்படும். மார்ச் 31-ஆம் நாள் இவை அனைத்தும் சேர்ந்து ஆண்டறிக்கையாகும். அந்தப் பணி இழிவானது அன்று. பொய்யில்லாமல் கணக்கு எழுதும் ஒழுக்கத்தைக் கட்டுரையாளர் அங்கேதான் கற்றார். ஆனால், பணமாக மாற்ற முடிந்தவற்றுக்கு மட்டுமே அந்தப் பேரேட்டில் வரி உண்டு என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் அவருக்கு உணர்த்தியது. சென்னையின் தெற்கு விளிம்பில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் பழைய ஏரிகளின் நீர்ப்பிடிப்பையும் ஒட்டி எழுந்த அலுவலகங்களும் குடியிருப்புகளும் நாள்கணக்கில் நீரில் நின்றபோது, காப்பீட்டு இழப்பீடு எவ்வளவு, வேலைநாள் இழப்பு எவ்வளவு என்று கணக்கிடும் பொறுப்பு அவருடைய பிரிவுக்கு வந்தது. அந்த நீருக்கு முன்பு இருந்த இடம் எது, அதை எடுத்துக்கொண்டதன் விலை என்ன என்ற வினாவுக்கு எந்தத் தலைப்பும் இருக்கவில்லை. குடும்பத்துக்குள் அதற்கு முன்பே தொடங்கியிருந்த நிலம் தேடும் பேச்சு, அந்த மழைக்காலத்துக்குப் பிறகு முடிவாக உறுதிப்பட்டது.

வெளியேறுவதற்கு வேண்டிய துணிவைத் தந்தவை சேமிப்பும் பணிக்கொடையும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பணிக்கொடை என்பது, தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவருக்கு, பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்ற வீதத்தில் அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்பட்ட தொகை. அந்தத் தொகையும் வருங்கால வைப்பு நிதியும் சேர்ந்தே நிலத்துக்கும், கிணற்றைத் தூர்வாருவதற்கும், இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவுக்கும் ஆதாரமாயின. ஆகவே, நகரத்திலிருந்து இவ்வாறு வருபவர், விளைச்சல் பொய்த்தால் கடன்காரரிடம் செல்ல வேண்டிய உழவரோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்ள உரிமையற்றவர். அவருடைய எளிமை, முன்பு ஈட்டிய ஊதியத்தின் மேல் எழுப்பப்பட்டது. அந்த ஊதியத்துக்கும் அவர் நன்றியுடையவராக இருக்க வேண்டும்.

செங்கம் பகுதி, சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு பாயும் செம்மண் நாடு. ஏரிப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் கரும்பும் காய்கறியும், மழையை நம்பிய மேட்டு நிலங்களில் நிலக்கடலையும் சிறுதானியங்களும் அங்கே விளைகின்றன. தமிழ்நாட்டில் வேளாண் குடும்பத்தைச் சேராதவரும் விளைநிலம் வாங்கச் சட்டத் தடை இல்லை. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2020 வரை அத்தகைய தடை இருந்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின், அதாவது ஒரு குடும்பம் பயிரிடும் நிலத்தின், சராசரி அளவு 0.75 எக்டேர், ஏறக்குறைய 1.85 ஏக்கர். கட்டுரையாளரின் குடும்பம் வாங்கியது சுமார் மூன்று ஏக்கர். நகரத்துக் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் அந்த நிலம், ஊரார் பலரின் நிலத்தைவிடப் பெரியது.

நிலத்தை விற்ற குடும்பம், மகளின் திருமணக் கடனைத் தீர்க்கவும், பெங்களூரில் கட்டடப் பணிக்குச் சென்றுவிட்ட மகன்களோடு சேர்ந்துகொள்ளவும் அதை விற்றது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்த வட்டாரத்து உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். நகரத்தை விட்டு வரும் குடும்பமும், நகரத்தை நோக்கிச் செல்லும் குடும்பமும் சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒரே வராந்தாவில் காத்திருந்ததைக் கட்டுரையாளர் என்றும் மறந்ததில்லை. ஒருவர் விரும்பி ஏற்கும் எளிமையும் மற்றவர் மேல் சுமத்தப்படும் வறுமையும் ஒரே பத்திரத்தில் கையொப்பமிடுகின்றன. நகரத்துச் சேமிப்பு நிலச் சந்தைக்குள் நுழையும்போது, பயிர் வருமானத்தைக் கொண்டு எந்த உழவராலும் எட்ட முடியாத உயரத்துக்கு விலை ஏறுகிறது. பக்கத்து நிலத்தை வாங்கித் தம் நிலத்தோடு சேர்த்துக்கொள்ள நினைத்திருந்த சிறு உழவரின் வாய்ப்பு அதனால் மூடப்படுகிறது. கிராமத்துக்குச் செல்ல விரும்புவோர் மண்ணின் தரத்தையும் நீரின் ஆழத்தையும் விசாரிப்பதற்கு முன், இந்த உண்மையை மனத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கிரயப் பத்திரமே சார்பின் முதல் பாடமாகவும் அமைந்தது. நிலத்தின் புல எண்ணும் நான்கெல்லையும் எழுதப்பட்ட பிறகு, கிணற்றிலும் மின்மோட்டாரிலும் நான்கில் ஒரு பங்கு உரிமையும், பக்கத்து நிலங்களின் வழியாகச் செல்லும் மாமூல் வழிநடைப் பாத்தியமும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. மாமூல் வழி என்பது தலைமுறைகளாக மாடும் வண்டியும் சென்றுவரும் பாதை. வண்டிப் பாட்டைக்கு நேர்த் தொடர்பு இல்லாத நிலத்துக்கு அதுவே உயிர்நாடி. கிணற்றுப் பங்கு என்பது நீரின் அளவைக் குறிப்பதன்று. மோட்டாரை இயக்கும் முறையைக் குறிப்பது. நான்கு பங்காளர்களும் நாள் வைத்து இறைக்க வேண்டும். மோட்டாரை இயக்குவதற்கு வேண்டிய மும்முனை மின்சாரம் வரும் நேரம் நள்ளிரவாக இருப்பினும் அவரவர் முறையில் அவரவர் எழுந்து செல்ல வேண்டும். பங்காளர்களுள் மூத்தவர் முதல் நாளில் சொன்னது இதுதான்: “முறை தவறாம இறைச்சா கிணறு யாருக்கும் பத்தாமப் போகாது, தம்பி.” சென்னை அடுக்ககத்தில் குழாயைத் திறந்தபோதும் கட்டுரையாளர் பலரோடு ஒரே நீரைப் பங்கிட்டுக்கொண்டுதான் இருந்தார்; ஆனால் அந்தப் பங்காளர்கள் யாரென்று அவர் அறிந்ததில்லை.

முதல் பயிராக, ஊரார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை 2016 ஆடிப் பட்டத்தில் விதைக்கப்பட்டது. இந்தப் பயிரின் இயல்பு, வெளியிலிருந்து வருபவருக்கு மண்ணைப் பற்றிய பல செய்திகளைக் கற்பிக்கிறது. பூ மண்ணுக்கு மேலே பூத்தாலும் காய் மண்ணுக்குள்தான் உருவாகும். கருவுற்ற பூவின் அடியிலிருந்து விழுது என்னும் ஊசி போன்ற காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனி காயாகப் பருக்கிறது. விழுது இறங்கும் நாள்களில் மேல்மண் இறுகிக் கிடந்தால் காய் பிடிக்காது; ஆகவேதான் நாற்பது முதல் நாற்பத்தைந்து நாள் பயிரில் களைவெட்டி மண் அணைப்பதும், ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சம் இடுவதும் வழக்கமாயின. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேரைவிட வளரும் காயே மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்வதால், ஜிப்சம் காய் பிடிக்கும் இடத்தில் விழ வேண்டும். இவற்றை வேளாண் கையேட்டில் படித்துச் சென்ற கட்டுரையாளருக்கு, எந்த ஈரத்தில் ஏர் பூட்டுவது, எந்த ஈரத்தில் மண்வெட்டி வைப்பது என்பதைக் கையில் மண்ணை உருட்டிப் பார்த்துச் சொல்லித் தந்தவர்கள் அந்தப் பங்காளர்களும், களையெடுக்க வந்த பெண்களும் ஆவர். அந்தக் கல்விக்கு எவரும் கட்டணம் கேட்கவில்லை.

அந்த ஆண்டு மழை கைவிட்டது. 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக 2017 ஜனவரியில் அரசு அறிவித்தது. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நிலத்தில் விழும் நீர் ஏறக்குறைய 40,000 லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழை இரண்டு இலட்சம் லிட்டர். வானம் ஓர் இரவில் தரும் அந்த நீரை ஈடுசெய்ய நான்கு பங்காளர்களின் கிணறு எத்தனை முறை ஊறி நிரம்ப வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், உழவின் மிகப் பெரிய இடுபொருள் எந்தச் செலவுப் பட்டியலிலும் இல்லாத மழையே என்பது கட்டுரையாளருக்கு உறைத்தது.

கிணற்று நீரால் தப்பிய கடலை அறுவடைக்கு வந்த நவம்பர் மாதத்தில், 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. கடலை பிடுங்குவதும், பிடுங்கிய செடியிலிருந்து காய் ஆய்வதும் தள்ளிப்போட முடியாத வேலைகள். முற்றிய காய் மண்ணில் தங்கினால் முளைவிடும், அல்லது காம்பு அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். வங்கிக் கணக்கில் பணம் இருந்தும், வாரத்துக்கு 24,000 ரூபாய் என்ற வரம்பும், சிற்றூர் வங்கிக் கிளைகளில் அதையும் தர முடியாத தட்டுப்பாடும் சேர்ந்து, அன்றாடக் கூலி கொடுக்க முடியாத நிலையை உண்டாக்கின. வேலையை நிறுத்திவிடலாமா என்று கட்டுரையாளர் கேட்டபோது, ஆய்வதற்கு வந்த பெண்களை அழைத்துவரும் மூத்த பெண்மணி, “காயி மண்ணுல கெடக்கலாமா தம்பி? நோட்டுல எழுதி வையிங்க, பணம் வந்தா வாங்கிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கூலியின் ஒரு பகுதியை அவர்கள் காயாகவே அளந்து எடுத்துக்கொண்டார்கள். மீதி, பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் பெயர்வாரியாக எழுதப்பட்டது.

நிறுவனத்தில் ஒருவருக்குக் கடன் வரம்பு ஒதுக்க வேண்டுமானால் அவருடைய ஐந்தொகை, வரி அறிக்கை, முந்தைய கொடுக்கல்வாங்கல் ஆகிய அனைத்தும் ஆராயப்படும். இங்கே, காப்பீடும் வைப்புநிதியும் இல்லாத, காலனியிலிருந்து நடந்துவந்து நாட்கூலிக்கு வேலை செய்த பெண்கள், ஊருக்கு வந்து ஓராண்டுகூட நிரம்பாத, தங்களைவிடப் பல மடங்கு வசதியுள்ள குடும்பத்துக்குக் கடன் கொடுத்தார்கள். அதைக் கிராமத்தின் பெருந்தன்மை என்று மட்டும் போற்றிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. வேறு எங்கும் பணம் புழங்காத வாரங்களில் அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அந்தக் கடனுக்காக அவர்கள் மளிகைக் கடையில் பற்று வைத்தார்கள். அந்தப் பற்றின் சுமை அவர்கள் சமையலறையில்தான் இறங்கியது. ஆனாலும், காய் மண்ணில் வீணாகக் கூடாது என்ற அக்கறை உண்மையானது. அந்த நிலத்தின் உரிமையாளருக்கு இருந்த அக்கறைக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று. கட்டுரையாளரின் வாழ்நாளில் எழுதப்பட்ட கணக்குகளுள் அந்தப் பள்ளிக் குறிப்பேட்டைவிடக் கனமானது வேறொன்றும் இல்லை.

அறுவடை முடிந்து, காய் காயவைக்கப்பட்டு, ஊரார் கமிட்டி என்று அழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்கப்பட்ட பிறகு, பருவத்தின் வரவுசெலவு எழுதப்பட்டது. இந்தியாவில் வேளாண் விளைபொருள்களின் உற்பத்திச் செலவை, வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் மூன்று படிகளாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், உழவு, கூலி முதலாகக் கைவிட்டுச் செலவானவை ஏ2 எனப்படும். அதனோடு, குடும்பத்தினர் ஊதியமின்றிச் செய்த உழைப்பின் மதிப்பைச் சேர்ப்பது இரண்டாம் படி. சொந்த நிலத்துக்கான குத்தகை மதிப்பையும், போட்ட முதலுக்கான வட்டியையும் அதன்மேல் சேர்த்தால் வருவது சி2. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து ஆதரவு விலை வழங்கப் பரிந்துரைத்ததையும், அந்தச் செலவு எது என்பது பற்றி இன்றுவரை நீளும் வாதத்தையும் புரிந்துகொள்ள இந்தப் படிகள் உதவுகின்றன. கட்டுரையாளரின் முதல் பருவத்தில், ஏ2 செலவுக்கு மேல் சிறு தொகை மிஞ்சியது. குடும்பத்தின் உழைப்பைச் சேர்த்தவுடன் அது மறைந்தது. சி2 கணக்கில் நட்டம் மட்டுமே நின்றது.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழி தமிழகம் முழுவதும் வழங்குவது. உழக்கு என்பது கால் படி. உழவருக்குக் கணக்குத் தெரியாது என்றோ, கணக்குப் பார்க்கக் கூடாது என்றோ இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. அந்த ஊரில் வாழ்ந்தபோது கண்டது வேறு. திருமணங்களில் மொய் எழுதும் நோட்டை ஒவ்வொரு வீடும் தலைமுறை கடந்து காப்பாற்றுகிறது. மொய் என்பது விழா நடத்துபவருக்கு உறவினரும் ஊராரும் தரும் பணம், பெற்றவர் அதைத் தந்தவர் வீட்டு விழாவில் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும். ஒருவர் நிலத்தில் இன்று வேலை செய்தவருக்கு நாளை அவர் நிலத்தில் வேலை செய்து ஈடுகட்டும் மாற்றாள் முறையும் அத்தகைய கணக்கே. உழவர் துல்லியமாகக் கணக்குப் பார்ப்பவர். அவருடைய உழைப்புக்குச் சந்தை தரும் விலையில்தான் உழக்கு மிஞ்சுவதில்லை. இந்தப் பழமொழி உழவரின் அறியாமையைச் சொல்வதன்று. அவர் உழைப்பில் பெரும்பகுதியை நாடு இலவசமாகப் பெற்றுவருகிறது என்பதற்கான தணிக்கைக் குறிப்பு அது. சம்பளம் வாங்கிய ஆண்டுகளில் கட்டுரையாளரின் குடும்பம் குறைந்த விலைக்கு உண்ட ஒவ்வொரு வேளை உணவும், யாரோ ஒரு குடும்பத்தின் எழுதப்படாத உழைப்பால் மானியம் பெற்றிருந்தது.

நிலைத்த பொருளாதாரம் என்று தமிழில் அறியப்படும் நூலில் குமரப்பா, உயிர்கள் வாழும் முறைகளை ஐந்தாக வகுக்கிறார். தன்னைத் தாங்கும் உயிரையே அழித்து வாழ்வது ஒட்டுண்ணி முறை. எதையும் தராமல் எடுத்துக்கொள்வது பறிப்பு முறை. எடுப்பதற்கு ஈடாக உழைத்துத் தருவது முயற்சி முறை. தன்னலம் கருதாமல் கூட்டத்தின் நலனுக்கு உழைப்பது கூட்டு முறை. கைம்மாறு கருதாமல் பிறர்க்கு உழைப்பது தொண்டு முறை. கிராமத்துக்குக் குடியேறும் நகரத்துக் குடும்பம் இவற்றுள் எதுவாகவும் ஆகக்கூடும் என்பதே இந்தப் பகுப்பின் நடைமுறைப் பயன். ஆழ்துளைக் கிணறு இறக்கி, வேலி போட்டு, மாமூல் வழியை மறித்து, வார இறுதிக்கு மட்டும் வந்துபோகும் பண்ணை வீடு, வெளியிலிருந்து பார்க்க எளிய வாழ்வைப் போலவே தோற்றமளிக்கும். ஆனால் அது முதல் இரண்டு வகைகளைச் சேர்ந்தது.

இந்த வேறுபாடு ஏரியில் தெளிவாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றின் வரத்துக் கால்வாயையும் கரையையும் மதகையும் பாசனம் பெறுவோரே கூடிப் பேணும் பழைய முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-இல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது; ஏரி வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தது. அந்தக் கோடையில் கட்டுரையாளரின் குடும்பமும் வண்டல் ஏற்றிவந்து செம்மண்ணில் பரப்பியது. ஏரியின் ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசனம் பெறும் பரப்பில், தங்கள் நிலம் இல்லாதபோதும் வரத்துக் கால்வாயில் முள் வெட்டும் வேலையில் பங்கெடுத்தது. ஏரி நிரம்பினால் அதைச் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும். ஆகவே, அந்த நால்வர் கிணறு உண்மையில் ஊர் முழுவதன் உழைப்பால் ஊறும் கிணறு. 2017-இன் தென்மேற்குப் பருவமழை கைகொடுத்தபோது விளைச்சல் பெருகியதற்கு அந்த வண்டலும், கிணற்றில் உயர்ந்த நீரும் காரணங்களாயின.

இடர்கள் பல தொடர்ந்தன. நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு நின்றது. பெரிய மருத்துவமனை தொலைவிலானது. பிள்ளைகளின் படிப்புக் குறித்த கவலை குடும்பத்தில் பலமுறை விவாதமானது. கட்டுரையாளர் இன்றும் மாதத்தில் சில நாள்கள் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறார். வட்டாரத்து உழவர் குழுக்களுக்கு அதே வேலையைக் கட்டணமின்றிச் செய்கிறார். நிலம் மட்டும் ஒரு குடும்பத்தை நடத்தப் போதுமான விலையை இந்த நாடு இன்னும் உழவருக்குத் தரவில்லை என்பதே இதற்குக் காரணம். உழவர் வீடுகளிலும் யாராவது ஒருவர் பால் கறந்தோ, அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குச் சென்றோ, நகரத்திலிருந்து பணம் அனுப்பியோதான் உழவைக் காப்பாற்றுகிறார்.

பெருநிறுவனப் பணியை விட்டுக் கிராமத்துக்குச் செல்வது சரியா என்று கேட்போருக்கு ஆம், இல்லை என்ற விடையைத் தர இயலாது. ஆனால் ஓர் அளவுகோலைத் தரலாம். செலவு குறைந்ததா, மன அமைதி கிடைத்ததா என்பவற்றைவிட, தாம் உண்பதும் குடிப்பதும் யார் யாருடைய உழைப்பால் வருகின்றன என்று பெயர் சொல்லக்கூடிய நிலைக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறதா, அந்தப் பெயர்களுக்கு எதிரே தான் தரவேண்டியதை எழுதித் தீர்த்துவருகிறதா என்பதே எளிய வாழ்வின் உரைகல். நகரத்திலேயே இருந்துகொண்டு இதைச் செய்பவரும் எளிய வாழ்வு வாழ்பவரே. கிராமத்துக்குச் சென்றும் இதைச் செய்யாதவர், ஊர் மாறியவர் மட்டுமே. குமரப்பா தம் தொழிலால் நிறுவிய உண்மையும் இதுதான்: நேர்மையான கணக்கு, எழுதுபவர் பெற்றதை எல்லாம் ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்குகிறது.